ஒட்டுப்பால்

நாகர்கோவில் சந்திப்பில், யார்டின் கடைசிப் பாதையில்
நிற்கிறது அது.
நான் பஸ் பாடிக்காரன்.
வெட்டூர்ணிமடத்தில் டிங்கரிங் பட்டறை.
ரயிலைத் தட்டி நிமிர்த்தியதில்லை இதுவரை.
மியூசியத்துக்கென்று டெண்டர் வந்தது,
குறைத்துப் போட்டேன், விழுந்துவிட்டது.

காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:
துரு சுரண்டல், ஓட்டை அடைத்தல், நெளிவு நிரப்பல்,
பிரைமர் இரண்டு கோட், மேலே நீலம்.
எஞ்சினைக் கிளப்புவது இதில் சேராது.
பதினாறு சிலிண்டரும் அப்படியே கிடக்கும்,
மூடி போட்ட பதினாறு கிணறு.

வேகமானியில் நூற்றறுபது வரை எழுத்து.
"இங்ஙன எங்கண்ணா அவ்வளவு ஓடிச்சு?
பள்ளியாடி வளைவுல சைக்கிள்காரன் முந்துவான்"
என்றான் றெஜின்.
வெல்டர். ஊர் குலசேகரம்.
ஐடிஐ படித்த நாளில்
முந்நூறு மரம் பால்வெட்டி முடித்துத்தான்
காலை பஸ் பிடிப்பானாம்.

முன்பக்கம், இடது பஃபருக்கு மேலே
ஒரு குழி.
சருவம் ஒன்றை உள்ளே வைக்கலாம்.
டீ கொண்டுவரும் பையன் மாடு என்றான்.
கேட்மேன் ஏசுராஜன் குரலைத் தாழ்த்தி
வேறொன்று சொன்னார்.
அன்றிலிருந்து அந்தப் பக்கம் உட்கார்ந்து
சோறு தின்னவில்லை நான்.

வியாழக்கிழமை கிரைண்டர் வைத்தேன்.
நீலம் போனது. அடியில் சிவப்பு, அதுவும் போனது.
அதற்கும் அடியில், தகட்டு இடுக்கில்
சக்கரம் சிக்கித் திணறியது.
புகை. ஒரு நாற்றம்.
கருத்த பிசின்போல் என்னவோ.
"டயர் உருகி ஒட்டியிருக்கும்" என்றேன்.
றெஜின் ஸ்குரூடிரைவரால் நெம்பி இழுத்தான்.
வந்தது,
ஒரு சாண் நீண்டது,
விட்டதும் விரலில் சுளீரென்று அடித்தது.

"அண்ணா, இது ஒட்டுப்பாலாக்கும்."

மூக்கருகே வைத்து இன்னொருமுறை:
"எங்க அம்மைக்க சேலையில உள்ள மணம்.
எனக்குத் தெரியாதா?"

ஷம்சாத் மேடம் தக்கலையிலிருந்து வந்ததும்
ஓய்வுபெற்ற டிரைவர் ஞானசிகாமணிக்குப் போன் போட்டார்,
ஸ்பீக்கரில்.
பல் டாக்டர் வாசலில் இருந்தார் அவர்.
"மரம்.
புயலடிச்ச ராத்திரி. குழித்துறை தாண்டி.
நாலு ரப்பர் மரம் குறுக்க கெடக்கு.
பிரேக் பிடிச்சேன், நின்னுது,
மூணாவது மரத்துல.
ஆளுக்கு ஒண்ணும் இல்ல.
கண்ணாடி பூரா வெள்ளையா வழியுது,
வைப்பர் போட்டேன் பாத்துக்கிடுங்க,
அது இன்னும் மோசம்."
யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.
"வைக்கேன்" என்றார், வைத்துவிட்டார்.

மதியம் அந்தப் பக்கமே உட்கார்ந்து
பொதியைப் பிரித்தேன்.
மரவள்ளியும் மீன்கறியும்.

மேடம் காகிதத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.
இரண்டும் சரியாகத்தான் இருந்தன.
"நிரப்பிடுங்க. அளக்க ஆள் வரும்" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பட்டி குழைத்தேன்.
ஆரல்வாய்மொழிக் காற்று இறங்கி
பலகையிலேயே இறுக்கிவிட்டது, இரண்டு தடவை.
மூன்றாவதைக் குழியில் அப்பினேன்.
இடுக்கில் மிச்சமிருந்த ஒட்டுப்பாலை
நோண்டி எடுக்கவில்லை.
அதன் மேலேயே பூசினேன், வழித்தேன்,
உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
பஸ்ஸில் இப்படிச் செய்தால்
ஓனர் செருப்பைக் கழற்றுவான்.
நெளிகிற ஒன்றின் மேல் பட்டி நிற்காது.
வெயிலுக்கு விம்மும், மழைக்குச் சுருங்கும்,
ஓரத்தில் முதலில் மயிரிழைபோல் ஒரு கீறல்,
பிறகு பொருக்கு.
றெஜினுக்கும் தெரியும்.
ஒன்றும் சொல்லவில்லை அவன்,
எமரி தாளை நாலாக மடித்து நீட்டினான்.

தேய்த்தோம். பிரைமர். நீலம்.
அளக்க வந்தவர் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

கூடிப்போனால் ஆறு மாதம்,
இல்லை, ஒரு மழைக்காலம்.
கியாரண்டி
மூன்று மாதம் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.